பச்சைப் புள்ளி

பர்பாங்க், மூன்றாவது மாடி.
"இணைப்பு" என்றது கடிதம்.
விழுங்கியவன் ஏப்பம்கூட விடவில்லை.

ஆறிய பீட்சாவைக் கடித்தபடி
ஒடெட் சர்வர்களை ஒவ்வொன்றாக அணைக்கிறாள்.
நூற்றுப்பதினாலு தடவை நகரத்தைக் காத்தவர்களுக்கு
மாதம் எட்டு டாலரைக் காக்கத் தெரியவில்லை.

திரையில் இன்னும் ஒரு பச்சைப் புள்ளி.
டுலூத்தில் யாரோ
எழுபத்தாறில் எடுத்த தொடரைப் பார்க்கிறார்:
கம்பி தெரியும் பறத்தல்,
அட்டைப்பெட்டிக் கட்டடங்கள்.
பெரிய தளத்தின் பட்டியலில் இது இல்லை;
ஒடெட் தேடிப் பார்த்துவிட்டாள்.

பன்னிரண்டு ஆயிற்று.
நாயகன் பாலத்திலிருந்து விழுந்துகொண்டிருக்கிறான்,
தன்னைத்தானே பிடித்துக்கொள்ள
இன்னும் நாலு நிமிடம் ஆகும் அவனுக்கு.

ஏன் தாமதம், என்று மேலிடத்துச் செய்தி.

"கம்பியில் சிக்கல்"
என்று தட்டி அனுப்பினாள்.
பொய்யில்லை.
தெரிகிறதே, முதுகில்.