நாலு மில்லிமீட்டர்

ஒத்திலியா மண்டியிட்டு அளக்கிறாள்.
நவரினோத் தீவின் பாறையில்
காசளவு மஞ்சள் லைக்கன்;
ஒன்பது ஆண்டில் நாலு மில்லிமீட்டர்.

ஒப்பந்தம் இந்த டிசம்பரோடு சரி.
புதுப்பிப்பார்களா, யாருக்கும் தெரியாது.
இவளோடு படித்து
சந்தியாகோ வங்கிக்குப் போன ராமிரோ
வீடு வாங்கிவிட்டான்.
குழாயிலேயே வெந்நீர் வருகிறதாம்.

மகன் போனில் கேட்டான்:
"உன் பாறை எப்படி இருக்கு?"
கேலியா, அக்கறையா?
குரல் உடைந்திருந்தது.
எப்போது உடைந்தது?
நோட்டில் அந்தத் தேதி இல்லை.

காற்று நோட்டைப் பறிக்கப் பார்க்கிறது.
முழங்காலில் அமுக்கிக்கொண்டு
லென்ஸை நெருக்கிப் பிடிக்கிறாள்.
ஓரத்தில்
போன வருடம் இல்லாத ஒரு மடல்,
ஊசிமுனை அகலம்.

மாலைப் படகு வரும்வரை
உலகத்தில் இதை அறிந்தவள்
இவள் ஒருத்தி.

பையில் பிஸ்கட். நமத்திருக்கிறது.
இரண்டாவதையும் எடுக்கிறாள்.