இரண்டாவது வரி

நாரஹேன்பிட்டியில் ஐந்தாம் மாடி.
மாவட்டத்தின் மரபுரிமைகளும் மக்கள் நிதியில் மேம்பாடும்
என்றொரு புத்தகம், நாற்பத்தெட்டுப் பக்கம்.
வெள்ளிக்கிழமைக்குள் தமிழ் வேண்டுமாம்.

முற்பாதி லேசு.
அரசன் ஒருவன் குளித்ததாய்ச் சொல்லும் கல்,
கங்கை திரும்பும் இடத்தில் ஒல்லாந்தன் விட்டுப்போன சுவர்,
மழை வந்தால் மட்டும் விழும் ஓர் அருவி.
அட்டை கடிக்கும் என்று மூலத்தில் இல்லை.
நானும் சேர்க்கவில்லை.
கண்கொள்ளாக் காட்சி என்று நாலு தரம் எழுதினேன்.
ஐந்தாம் தரம் வந்தபோது கை கூசியது,
'பார்க்கலாம்' என்று போட்டேன்.

பிற்பாதி அட்டவணை.
மதகு ஒன்று.
கூரையுடன் பஸ் தரிப்பிடம் மூன்று.
மயானத்துக்கு மதில்.
சனசமூக நிலையத்துக்கு பிளாஸ்டிக் கதிரை ஐம்பது.
எல்லாம் பன்முகப்படுத்தப்பட்ட வரவுசெலவுத் திட்ட ஒதுக்கீடு.
ஆங்கிலத்தில் அதற்கு மூன்றே எழுத்து,
எங்களுக்குக் கூட்ஸ் ரயில்;
கட்டங்களை உடைத்துக்கொண்டு போகிறது.

தொடரிலக்கம் 31:
மேற்பிரிவு லயத்துக்கு கொங்கிரீட் பாதை,
இருநூற்றுப் பத்து மீற்றர். நிறைவு.

மேற்பிரிவு எனக்குத் தெரியும்.
போன வருடம் நடமாடும் சேவைக்கு
கோப்புகளோடு என்னையும் வானில் ஏற்றிப்போனார்கள்,
அவிசாவளைக்கும் அப்பால், றப்பர் மரங்களுக்குள்.
பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் பிழைத்த
பவளக்கொடியின் இலக்கம்
இன்னும் என் போனில் கிடந்தது.
எடுத்துக் கேட்டேன்.

"பாதையா? வந்துச்சே.
பங்களா வளைவு வரைக்கும் வந்துச்சு.
அதுக்கு மேல மண்ணுதான்.
லொறி ஏறல மிஸ்,
அம்பது கதிரையும் நாங்கதான் தலையில தூக்குனோம்.
வளைவுல மூச்சு வாங்கிருச்சு.
அங்கேயே விரிச்சுப் போட்டு உக்காந்துட்டோம்,
ஊரே உக்காந்துச்சு.
கீழ ஆறு தெரியுது, ரயிலு போறது தெரியுது.
இத்தன வருசமா நடந்த வழி,
உக்காந்து பாத்ததே இல்ல.
அத எழுதுங்க புத்தகத்துல."

தொழினுட்ப அலுவலர் விமலதாச நல்ல மனிதர்.
தேநீர் சொல்லிவிட்டுச் சொன்னார்:
மொழிபெயர்ப்பு வேறு, கணக்காய்வு வேறு.
சிங்களத்தில் இருநூற்றுப் பத்து என்றால்
தமிழிலும் இருநூற்றுப் பத்து.
சரிதான்.
நிறைவு என்றே எழுதினேன்.
அந்தச் சொல்லுக்கு எங்களிடம் இரண்டு பொருள்;
இரண்டில் எதுவும் அன்றைக்கு எனக்கு இல்லை.

வியாழன் பின்னேரம் மாளிகாவத்தையிலிருந்து சப்ரி,
பெயர்ப்பலகை செய்பவர்.
"மிஸ், 'மரபுரிமைப் பாதை' புடிக்குதில்ல.
சிங்களம் பெருசா அடிச்சாச்சு,
கீழ இங்கிலீசும் ஒட்டியாச்சு,
நடுவுல தமிழுக்கு கொஞ்ச எடந்தான் ஈக்கி.
எங்கயாச்சும் வெட்டித் தாங்கொ."

எந்த இடத்துக்கு அந்தப் பலகை?
"என்னமோ பங்களா வளைவாம்."

ஜன்னலுக்கு வெளியே
பேஸ்லைன் வீதியில் பஸ்கள் ஒன்றையொன்று நெருக்கின.
மரபை எடுத்துவிடுங்கள் என்றேன்.
"எடுத்தா 'ரிமை'ண்டு நிக்குமே?"
முன்னால் ஒரு உ போடுங்கள்.
அவர் வாய்க்குள் கூட்டிப் பார்ப்பது கேட்டது.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"உ சின்ன எழுத்துதானே," என்றார்.
"புடிக்கும்."

மாதிரித் தாள் மேசை மேசையாய்ப் போனது.
ஐந்து கையொப்பம், ஒரு சதுர முத்திரை.
இரண்டாவது வரியில் எவருடைய பேனாவும் நிற்கவில்லை.

மூன்று கிழமை கழித்து ஒரு படம் வந்தது.
மண் தொடங்கும் இடத்தில் பலகை.
பக்கத்தில் சிவப்புக் கதிரை ஒன்று, காலில் சேறு.
கீழே பவளக்கொடி எழுதியிருந்தாள்:
போர்டு நல்ல அகலம் மிஸ்,
மத்தியானத்துல நெழலு விழுது.