சரக்கின் பெயர்

ஓசூர், பாகலூர் ரோட்டு இரும்புக் கடையில்
பில் போடுகிறவள் நான்.
இன்ஜினியருக்கு அது ஐ-பீம்.
மேஸ்திரி நாகோஜிக்குக் கர்டர்.
மாலூர் ஆட்கள் தொலெ என்பார்கள்,
சூளகிரிப் பக்கம் தூலம்.
கம்ப்யூட்டருக்கு வெறும் எண்.

நேற்று தளியிலிருந்து மாதேவம்மா.
பெயர் வாயில் வரவில்லை அவளுக்கு.
இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி
உள்ளங்கையை விரித்து,
"இப்படித் தாங்கிக்குமே,
அது ஒண்ணு" என்றாள்.

பதினாறு அடி.
நூற்றிருபத்திரண்டு கிலோ.
தள்ளுபடி கேட்கவில்லை.

சரக்கின் பெயர் என்ற கட்டத்தில்
உத்திரம் என்று அடித்தேன்.
அவசரத்தில் ஒற்று விழுங்கி
உதிரம் என்று வந்தது.

திருத்தி
நிமிர்ந்து பார்த்தால்
கிரேன் கொக்கியில் அது ஆட,
கீழே,
கொஞ்சம் தள்ளி,
அவள் கை
இன்னும் இறங்கவில்லை.