பெருமூச்சுக்கு ஐம்பது வெள்ளி

எங்கள் மின்தூக்கிக்குள் ஏற்கெனவே ஏழு அறிவிப்புகள்.
துப்பாதீர். புகைக்காதீர். சைக்கிளை ஏற்றாதீர்.
மூலையில் ஒன்றுக்கு இருந்தால் கேமரா பார்க்கும்.
எட்டாவதை ஒட்டியவன் நான்.

யீஷூனில் ஒரு செவ்வாய் இரவு,
அலுவலகத்து வண்ண மையில், நான்கு மொழியில்:
"மின்தூக்கியில் பெருமூச்சு விடுதல் குற்றம்.
மீறுவோர்க்கு ஐம்பது வெள்ளி.
தொடர் மூச்சுகள் தனித்தனியே கணக்கிடப்படும்.
நன்றி."
ஓரத்தில் கையாட்டும் குட்டி நுரையீரல்.

சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.

புதன் காலை ஏழே காலுக்கு
பன்னிரண்டாம் மாடி போ கியாட்
கன்னம் உப்பி, கண் பிதுங்கி இறங்கினார்.
வெளியே குப்பைத்தொட்டி வரை நடந்து
முப்பது வருட உத்தியோகத்தையும்
ஒரே மூச்சில் விட்டார்.

வியாழனன்று அந்த இடத்தில் மஞ்சள் கட்டம்.
யார் வரைந்தார்களோ.
வெள்ளியன்று வரிசை.
ஒன்பதாவதாய் வந்தவர் நின்றுவிட்டுத்தான் கேட்டார்,
இங்கே என்ன தருகிறார்கள்?

கொட்டாவி இதில் சேருமா என்பது ரொஹானாவின் சந்தேகம்.
எதிர்வீட்டுக்காரர் இருமலுக்குள் ஒளித்து மூச்சு விட்டதைப்
படம் பிடித்து, தேதி நேரம் போட்டு,
மூன்று இடத்துக்குப் புகார் அனுப்பினார் நித்தியகுமார்.
முதியோர்க்கு மாதம் இரண்டு இலவசம் வேண்டி
ஒரு மனு சுற்றியது. நானும் கையெழுத்திட்டேன்.
துணைப்பாட நிலையம் ஒன்று
தேர்வு முடிவு வரும் வாரத்துக்கென்றே
மூச்சடக்கும் வகுப்பு தொடங்கியது;
பெற்றோர்க்குத் தனிக் கட்டணம்.

"ஐம்பதுதானா?" என்றாள் கோகிலவாணி.
"நான் இருநூறாவது இருக்கும்னு நெனச்சேன்."
கட்டிய மனைவியிடமும் நான் வாய் திறக்கவில்லை.

பத்தாம் நாள் நகர மன்றத்திலிருந்து ஆள் வந்தது.
கழுத்தில் அட்டை, கையில் கோப்பு.
சின்னம் பார்த்தார், சரி.
ஆங்கிலம் சரி, சீனம் சரி, மலாய் சரி.
தொகையும் நியாயமென்றே பட்டிருக்க வேண்டும்,
தலையாட்டினார்.
தமிழைப் படமெடுத்து யாருக்கோ அனுப்பினார்.
பதில் ஒலிபெருக்கியில் வந்தது:

"சார், ஒரு கால்கூட ஒடியல.
கொம்பெல்லாம் அதது எடத்துல இருக்கு.
ஒற்று மிகுற எடத்துல மிகுந்தே இருக்கு.
இது நம்மது இல்ல சார்."

கிழித்தார்.
ரொட்டிப் பொட்டலத்தோடு பக்கத்தில்தான் நின்றேன்.
மூச்சு விடவில்லை.

மறுநாள் உண்மையான அறிவிப்பு வந்தது:
"பேலி அறிவிபபு ஓட்டாதீர்."
நித்தியகுமார் வயிறு வலிக்கச் சிரித்தார்.
"எவனோ நல்லாக் கிண்டல் பண்றான் பாருங்க!"

அன்றிரவு பழைய கோப்பைத் திறந்து
கடைசிச் சொல்லில்
ஒரே ஒரு புள்ளியைத் துடைத்தேன்.

நனறி.

மூன்று மாதமாகிறது, யாரும் கிழிக்கவில்லை.
மஞ்சள் கட்டத்துக்கு
மழைக்கூரை போட்டிருக்கிறார்கள்.