இடப்பக்கம் ஒரு கோடு

தால்காவே சந்தையில் மழைக்குக் கித்தான் கட்டியிருந்தார்கள்.
பழைய பூட்டுகள், கப்பிகள், கால் உடைந்த அடுப்பு,
நடுவே லூமா மரத்தில் உடல் செய்த இழைப்புளி.
விற்றவன் அதன் வயதைச் சொன்னான். வயது எனக்கெதற்கு?
அலகை உருவி நகத்தால் சுண்டினேன்.
மட்டமான இரும்பு என்றால் செத்த சத்தம் வரும்.
இது, தூரத்து மாட்டின் கழுத்துமணிபோல்
கொஞ்சம் நின்று போனது.
ஒரு கண்ணை மூடி, அடிப்பாகத்தை வானத்துக்கு நீட்டினேன்:
நேர்.
பேரம் பேசிப் பார்த்தேன். ஆசை முகத்தில் தெரிந்துவிட்டது,
அவன் இறங்கவில்லை.

நான் எர்சிலியா. சிலோயே தீவில்
படகுக்குப் பலகை சீவுகிறவள்.

அலகு உடைந்தது என் தவறு.
பழைய படகிலிருந்து கழற்றிய சைப்ரஸ் பலகை,
உள்ளே துருவாகிப்போன ஓர் ஆணி.
தோள்வரை அதிர்ந்தது. அலகில்
அரை அரிசி அளவு பொக்கை,
இடது ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி.

தீட்டி எடுத்திருக்கலாம்.
அதற்கு ஒரு முழு நாள் கல்லோடு நிற்க வேண்டும்,
அத்தனை எஃகையும் சகதியாக்கி ஓடவிட வேண்டும்.
வேலை இருந்தது. பிறகு மழை. பிறகு சோம்பல்.
அன்றிலிருந்து சீவல் இரண்டு நாடாவாக வந்தது,
பலகையில் ஒரு மயிரிழை மேடு எழுந்தது.
கண்ணுக்குத் தெரியாது, உள்ளங்கைக்குத் தெரியும்.
படகுக்கு அது போதும்.
மீன் தடவிப் பார்ப்பதில்லை.

குளிர் முடியும்போது இழைப்புளியைக் காணவில்லை.
பெஞ்சின் கீழே, சீவல் குவியலுக்குள்,
கோழிக்கூண்டில்கூடத் தேடினேன்.
தங்கை மகன்மேல் சந்தேகம். கேட்டும்விட்டேன்.
அதற்குப்பின் அவன் என் வாசலை மிதிக்கவில்லை.

பிப்ரவரியில் எலியுதேரியோ வீட்டை நகர்த்தினோம்.
எங்கள் தீவில் பிடிக்காவிட்டால்
இடத்தைத்தான் மாற்றுவோம், வீட்டை அல்ல.
அடியில் உருளைக் கட்டைகள், முன்னால் ஆறு ஜோடி எருதுகள்,
ஊர் மொத்தமும் கயிற்றில்.
கூலி கிடையாது, வயிறு நிறையச் சாப்பாடு.
திரைச்சீலையோடு, சுவர்க் கடிகாரத்தோடு
வீடு மேட்டிலிருந்து இறங்கி வந்தது.
“ஒரே ஒரு கோப்பைதான் உடைந்தது” என்றாள் அவன் மனைவி
எல்லாரிடமும்.

பிறகு புது மேசை, இருபது பேர் உட்கார நீளம்.
சிப்பி, புகையூட்டிய பன்றி, உருளைக்கிழங்கு அப்பம்.
ரொட்டிக்குக் கை நீட்டினேன். கை நின்றது.
உள்ளங்கையின் கீழே
மயிரிழை.
தள்ளித் தடவினேன். இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று.
மேசை முழுக்க என் கையெழுத்து.

மேசை நல்ல மேசைதான். மூட்டுகள் இறுக்கம்.
கயிறு இழுத்த கொப்புளம் எரிந்துகொண்டிருக்க
அவன் என் தட்டில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தான்.
“இடப்பக்கம் ஒரு கோடு ஓடுகிறதே” என்றேன்,
“உன் இழைப்புளியில் பொக்கையோ?”
வெந்த சிப்பிபோல் வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை.
எதிரே தங்கை மகன். அவனும் மேசையைத் தடவினான்.
சிரிக்கவில்லை படுபாவி,
என்னைப் பார்த்துக்கொண்டே மென்றான்.

மறுநாள் வேலிக் கம்பத்தில் ஆட்டுத்தோல் பொட்டலம்.
உள்ளே அது. ஆப்பு புதிது.
அலகைக் கழற்றினேன்: பொக்கை இல்லை.
எடுத்தபடியே திருப்பி வைக்கலாம் என்று
இத்தனை நாள் விட்டுவைத்திருக்கிறான் போலும்;
ராத்திரி முழுக்க நின்று தீட்டியிருக்கிறான்.
சரிவு ஒரே மட்டம். பின்புறம் கண்ணாடி,
என் பல் தெரிந்தது. பிசிர் துளியும் இல்லை.
முன்கையில் வைத்தேன், மயிர் சத்தமில்லாமல் உதிர்ந்தது.
என் கல்லில் ஒருநாளும் இப்படி வந்ததில்லை.
இதை ஒப்புக்கொள்ள எனக்கு மாலையாயிற்று.

மாஞ்ஞியோ பலகையில் ஒரு தள்ளு.
சீவல் பிளக்காமல், ஒற்றை நாடாவாய் எழுந்து
மணிக்கட்டைச் சுற்றியது.
பலகையைத் தடவினேன். ஒன்றுமில்லை.
யார் சீவியதென்று இனி எந்தக் கையும் சொல்லாது.
திருடியதைவிட
அதற்குத்தான் கோபம் வந்தது.

அப்படி என்ன கல் வைத்திருக்கிறான்?
முதலில் தங்கை மகன் வீட்டுக்குப் போக வேண்டும்,
என்ன சொல்வதென்று தெரியாமல்தான்.
திரும்பும் வழியில் எலியுதேரியோவிடம் கேட்கலாம்.
அவன் கடலுக்குப் போயிருந்தால்
கேட்காமலும்.