இருபதுக்குப் பதினொன்று

‘விடுமுறையில் நான் சென்ற ஓரிடம்.’
இருபத்தாறு கட்டுரைகள்.
பதினேழு பேர் செந்தோசாவுக்குப் போயிருக்கிறார்கள்.
பதினேழு பேருக்கும் அங்கே
நேரம் போனதே தெரியவில்லை.
எனக்குத் தெரிந்தது:
வெள்ளி இரவு பதினொன்றே கால்,
பிடோக், பன்னிரண்டாம் மாடி, வாடகை அறை.
வீட்டுக்காரி திருமதி லிம்மின் சலவை இயந்திரம்
கடைசிச் சுற்றில் உதறி நடுங்கி அடங்கியது.
சிவப்புப் பேனாவும் அதோடு தீர்ந்தது.

தர்னேஷ் மட்டும்
உபின் தீவுக்குப் போயிருந்தான்.
‘காட்டுப் பன்றி அப்பாவின் பையைத் திறந்தது.
உள்ளே பார்த்தது. யோசித்தது.
நாசி லெமாக் பொட்டலத்தை எடுத்து கொண்டு
நன்றி சொல்லாமல் போனது.’

‘எடுத்து கொண்டு’வில் விட்ட ‘க்’கைப் போட்டேன்.
‘நன்றி சொல்லாமல்’ என்பதன் கீழே கோடு.
ஓரத்தில்: மிகைக் கற்பனை. நடந்ததை எழுதுக.
ஒற்றுப் பிழைகளுக்கு ஆறு,
பன்றிக்கு மூன்று குறைத்து
இருபதுக்குப் பதினொன்று.

ஒன்பது வருடம் இங்கே.
ஐந்து இருபதுக்கு அலாரம்,
நகலெடுக்கும் இயந்திரத்தின் முன் வரிசை.
தாய்மொழித் துறையின் ஒற்றை நீள மேசையில்
குவெக் லாவ்ஷிக்கும் சிக்கு ரோஹானாவுக்கும் நடுவே
என் ஸ்டேப்ளர்.
(அதை மூன்று மொழிகளும் கடன் வாங்கும்.)
சனிக்கிழமைகளில்
ஏதாவதொரு ரயிலில் கடைசி நிலையம்வரை போவேன்.
இறங்குவேன். ஒரு கோப்பி ஓ கோசோங் குடிப்பேன்.
திரும்புவேன்.
திங்கட்கிழமை யாராவது கேட்டால்
‘சும்மா, வெளியே’ என்பேன்.

இந்தச் சனிக்கிழமை இரண்டாம் எண் பேருந்து.
சாங்கி படகுத்துறையில்
பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும்.
பதினொரு பேர் இருந்தோம்.
சைக்கிளோடு வந்த கிழவர்கள் நால்வர்,
ஒரே நிறத் தொப்பியில் ஒரு குடும்பம்,
கை கோத்தே இருந்த இருவர்.
படகோட்டி ஒவ்வொரு தடவையும்
என்னிலிருந்து எண்ணத் தொடங்கினார்.
‘ஒன்று’ என்னும்போது
அவர் விரல் என்மேல் கொஞ்சம் அதிகமாய் நின்றதாய்
எனக்குப் பட்டது.
மிகைக் கற்பனை.

தீவில் சைக்கிள் எடுத்தேன்.
ஏற்றத்தில் அதை நான் தள்ளினேன்,
இறக்கத்தில் அது என்னைத் தள்ளியது.
செக் ஜாவா போகும் வழியில் ஒரு மேடை, நிழல்.
முன்கூடையில் இரண்டு கறிபஃப்,
திருத்த மிஞ்சிய நான்கு கட்டுரைகள்.
தண்ணீர் குடிக்க அண்ணாந்தேன்,
குனிந்தபோது அது இருந்தது.

ஏனம். கேழல். வராகம்.
நிகண்டில் இருப்பதையெல்லாம்
வகுப்பில் ஒரே மூச்சில் ஒப்பிப்பவள்தான்.
வாயில் வந்ததென்னவோ
‘ஏய்.’

அது கூடைக்குள் மூக்கை விட்டது.
கட்டுரைகளை முகர்ந்தது.
(யோசித்தது. அப்படித்தான் சொல்லவேண்டும்.)
செந்தோசாவில் அதற்கு ஆர்வமில்லை.
கறிபஃப் பொட்டலத்தைக் கவ்விக்கொண்டு
புதருக்குள் நடந்தது, ஓடக்கூட இல்லை.
பின்னாலேயே நான்கு குட்டிகள்
கோடு போட்ட முதுகோடு.

கொஞ்ச நேரம் காத்திருந்தேன்,
எதற்கென்று தெரியாமல்.
பிறகு சிரித்தேன், சத்தமாக,
யாரும் இல்லாத இடத்தில் சிரிக்கிறவர்கள்
செய்வதுபோலச் சுற்றிலும் பார்த்துவிட்டு,
மறுபடி.

திங்கள், மூன்றாம் பாடவேளை.
நிவேதிதாவின் தாளில் ஈரமூக்கின் வட்டக் கறை.
பக்கத்தில் ‘மன்னிக்கவும்’ என்று எழுதியிருந்தேன்.
தர்னேஷின் தாளில் என் வரியை நானே அடித்து,
பதினொன்றைப் பதினான்காக்கி,
சுருக்கொப்பம்.
அவன் பார்த்தான். நிமிர்ந்தான்.
‘டீச்சர், நீங்களும் போனீங்களா?’
‘ம்.’
‘பன்றி?’
‘கறிபஃப். ரெண்டு.’
வகுப்பு மேசையைத் தட்டிச் சிரித்தது.
அவன் மட்டும் சிரிக்காமல்
‘யாரோட போனீங்க?’ என்றான்.

இருபத்தாறு பேரும்
நிமிர்ந்து பார்க்கிற அபூர்வமான நேரம்.
அவர்களிடம் ‘நடந்ததை எழுதுக’ என்று
ஒன்பது வருடமாய்ச் சொல்கிறவள்
கரும்பலகைப் பக்கம் திரும்பி
தேதியை எழுதினேன்,
கொஞ்சம் பெரிதாக.