கவ்வாத்துக்கு முந்திய இரவு

நுவரெலியா ஆஸ்பத்திரி, பதினோராம் வாட்டு.
விடிந்தால் இடது கால் போகும்,
முழங்காலுக்குக் கீழே.
இன்றிரவே முதுகில் நூல்போல ஒரு குழாய் இறக்கி
சொட்டுச் சொட்டாய் மருந்து விடுகிறார்
டொக்டர் நிலந்தி.

நாளைக்குத்தானே வெட்டு, இன்றைக்கு எதற்கு என்றேன்.
வலியோடு வெட்டினால்
நரம்பு அதை மனப்பாடம் செய்துவிடுமாம்.
கால் போன பிறகும் ஒப்புவிக்குமாம்.
வராது என்று சத்தியம் பண்ண மாட்டேன்,
வரட்டும் என்று விடவும் மாட்டேன் என்றார்,
பாதி சிங்களத்தில்.

அடுத்த கட்டிலில் எட்வின்,
குடலிறக்கத்துக்கு வந்தவர்.
மரம் இழுக்கையில் கால் நசுங்கி ஒன்பது வருஷம்.
நடுச்சாமத்தில் எழுந்து
விரிப்பின் காலியிடத்தைச் சொறிகிறார்.
பெருவிரல் மடங்கிக் கிடக்கிறதாம்,
நிமிர்த்த முடியவில்லையாம்.

இருபது வருஷம் கவ்வாத்துக் கத்தி பிடித்தவன் நான்.
வெட்டுக்கு முன் மலையை
ஆறு வாரம் கொழுந்தெடுக்காமல் விடுவோம்.
களைத்த செடியில் கத்தி வைத்தால்
பட்டுப்போகும் என்பார் கங்காணி.
தலையாட்டிவிட்டு
பேருக்கு என்ன போடுவார்களோ என்று
கணக்குப் பார்த்திருக்கிறேன்.

மூன்று மாசமாய் எரிந்த பாதம்
பத்து மணிக்கு அடங்கியது.
கறுத்த விரல்கள் ஐந்தும் யாருடையவோ போலக் கிடக்கின்றன.
மிஸ்ஸி விளக்கணைக்க வந்தாள்.
கொஞ்சம் பொறுங்க என்றேன்.

பனி இறங்குகிற நேரம்.
அதற்குத் தெரியாதுதான்.
போர்வையை இழுத்து
நுனிவரை மூடிவிட்டேன்.